நான் வாங்கிக்கொண்ட பீரியட்

நீதிபோதனைப் பீரியடைக் கேட்டு வாங்கித் தன் பாடத்தை நடத்திக்கொள்ளும் வாத்தியார் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் பள்ளியில் அது நான்தான். கணக்குப் பட்டதாரி ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் வகுப்பாசிரியராகப் பிடித்த பிள்ளைகளோடு பத்தாம் வகுப்புக்கும் கூடவே போகிறவன். பணியில் இருந்தபோது இதையெல்லாம் சொல்லவில்லை. ஓய்வூதியம் வர ஆரம்பித்த பிறகு சொல்கிறேன். இந்த வாக்குமூலத்தில் அதுவும் ஒரு குறை என்று வாசகர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்களுடையது காவிரிக்கரை விசைத்தறி ஊர். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலும் ராத்திரியும் தறிச் சத்தம் நிற்காத தெருக்கள். அங்கே அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருப்பவருக்குத் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதையை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் விஷயம்.

கால அட்டவணையில் அந்தப் பீரியடுக்குப் பேர் மாறிக்கொண்டே இருந்தது. நீதிபோதனை என்றார்கள், நன்னெறி என்றார்கள், வாழ்வியல் திறன் என்றார்கள். பேர் எதுவானாலும் வாரத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால். ஜூன் மாதம் ஒழுங்காக நடக்கும். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் என் கைக்கு வந்துவிடும். விளையாட்டுப் பீரியடைக் கேட்டால் பி.இ.டி. சார் முகம் சுளிப்பார். இதைக் கேட்டால் சுளிக்க ஆளில்லை. நான் அதில் ஸ்லிப் டெஸ்ட் வைப்பேன். பதிவேட்டில் மட்டும் அந்த வாரத்துத் தலைப்பை எழுதி ஒப்பேற்றிவிடுவேன். ‘நேர்மை’ என்ற தலைப்பையும் அப்படித்தான் எழுதினேன்.

வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் தொங்கியது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்து வாழ்க்கைத் திறன்கள். தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், சிக்கலைத் தீர்த்தல், முடிவெடுத்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று வரிசையாக, என் கையெழுத்தில், ஸ்கெட்ச் பேனாவில். அதிகாரி பார்வைக்கு வந்தால் பாராட்டிவிட்டுப் போவார். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே இருபடிச் சமன்பாடு போட்டார்கள்.

காரணம் தேர்ச்சி சதவீதம். வேறு எதுவும் இல்லை. 2017இல் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் பழக்கத்தை அரசு நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் பள்ளிவாரித் தேர்ச்சி சதவீதம் நிற்கவில்லை. ரிசல்ட் வந்த கையோடு கூட்டம் போடுவார்கள். எந்தப் பாடத்தில் எத்தனை பேர் கோட்டைவிட்டார்கள் என்று கேட்பார்கள். முப்பத்தைந்து மார்க் எடுக்க முடியாத பையன் ஒருவன் இருந்தால் அவனுக்காகக் கணக்கு வாத்தியார் எழுந்து நிற்க வேண்டும். நான் எழுந்து நிற்க விரும்பாதவன். அழுத்தம் இருந்தது உண்மை. அதே அழுத்தத்தில் இருந்த தமிழாசிரியை ஒருவர் மதியம் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு பெண் பிள்ளைகளோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கும் என் சம்பளம்தான். ஆகவே அழுத்தத்தின் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க முடியாது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முதல் பீரியடில் தூங்குவான். கொட்டாவி விட்டுக் கண்ணைக் கசக்குகிற தூக்கமில்லை, பெஞ்சில் தலையை வைத்தால் அப்படியே போய்விடுகிற தூக்கம். தலைமுடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுத் தூசு ஒட்டியிருக்கும். நான் பிரம்பைத் தொடாத வாத்தியார். அதில் எனக்கு ஒரு கர்வம். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் அடிக்க இடம் தந்த விதி 2003இல் எடுக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே நான் அடித்ததில்லை என்று சொல்லிக்கொள்வேன். எனக்கு வாய் இருந்தது. பிரம்பு தேவைப்படவில்லை. “என்னடா, தலைக்குள்ளயே பஞ்சு மில்லு ஓட்டறியா?” என்றேன் ஒரு நாள். வகுப்பு சிரித்தது. சிரிப்பு வந்துவிட்டால் அதே வசனத்தை அடுத்த வாரமும் சொல்லத் தோன்றும். சொன்னேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. எனக்கு அந்தப் பிரிவு தெரியும். ஆசிரியர் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டியவனே நான்தான்.

அதற்குப் பிறகு அவன் தலையை நனைத்துக்கொண்டு வர ஆரம்பித்தான். பள்ளிக் குழாயில் குனிந்து, தண்ணீரை அள்ளி அள்ளித் தேய்த்து, துடைக்கத் துண்டில்லாமல் அப்படியே வந்து உட்காருவான். குனிந்து எழுதும்போது நெற்றியிலிருந்து சொட்டி நோட்டில் விழும். நீல மை பரவி, போட்ட கணக்கே தெரியாது. நோட்டை வாங்கிப் பார்த்து அதற்கும் திட்டினேன். ‘நோட்டுப் பராமரிப்பு’ என்று மார்க் குறைத்தேன்.

ஏன் தலை நனைந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வருஷம் அதைக் கேட்பதற்கென்று சர்க்காரே வாரம் ஒரு பீரியட் கொடுத்திருந்தது.

ஏப்ரலில் நாங்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. ஊரறிந்த ரகசியம். பத்தாம் வகுப்பில் தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதிலேயே கழித்துவிடுவது. கழிக்கிறோம் என்று சொல்லமாட்டோம். பெற்றோரைக் கூப்பிட்டு அக்கறையாகப் பேசுவோம். அவன் அப்பா வந்தார். மூச்சு இளைக்கிறவர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. “பையனுக்குக் கணக்கு ஏறலீங்க. இங்கயே இருந்து பெயிலுன்னு வந்துட்டா அவன் மனசு ஒடிஞ்சு போயிரும். இப்பவே டி.சி. வாங்கிட்டீங்கன்னா மெதுவாப் படிச்சுத் தனித்தேர்வரா எழுதிக்கலாம்” என்றேன். “சாருக்குத் தெரியாததுங்களா, நீங்க சொன்னாச் சரிங்க” என்றார். போகும்போது கும்பிட்டார். டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதினேன். அவனைப் பற்றி நான் எழுதியதில் அது ஒன்றுதான் உண்மை.

அடுத்த வருஷம் எங்கள் பள்ளி பத்தாம் வகுப்பில் 100 சதவீதம். பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள்.

விஷயத்தை எனக்குச் சொன்னவர் எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர். அவர் பையனின் தெருவிலேயே குடியிருந்தார். “அவன் ராத்திரி ஷிப்டு தறி ஓட்டீட்டு நேரா இஸ்கூலுக்கு வர்றவனுங்க சார். அப்பனுக்கு நெஞ்சுச் சளி, தறிக்காரங்ககிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்கறாரு. வாங்குன பணத்துக்கு இவன் நிக்கறான். உங்களுக்குத் தெரியாதுங்களா?” தெரியாது. வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சிரித்த பிள்ளைகளுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் வீட்டில் தார் சுற்றிவிட்டு வந்தவர்கள். பதினெட்டு வயதாகாத பையனை ராத்திரி ஷிப்டில் நிறுத்தியதற்குத் தறி முதலாளியைத் திட்ட எனக்கு வாய் வந்தது. அந்தப் பையன் பகலில் உட்கார்ந்திருந்த ஒரே இடத்திலிருந்தும் அவனை எழுப்பி அனுப்பியவன் யார் என்று யோசித்ததும் வாய் அடைத்துப்போனது.

இதோடு நின்றிருந்தால், அவசரப்பட்டவன், அறியாமல் செய்தவன் என்று என்னை நானே மன்னித்துக்கொண்டிருப்பேன். அடுத்தது அறியாமல் செய்ததில்லை.

குற்ற உணர்ச்சியில் வட்டார வள மையத்தில் நடந்த வளரிளம் பருவப் பயிற்சிக்கு நானே பேர் கொடுத்துப் போனேன். டீ, போண்டா, மாட்யூல், குழு விவாதம். ஒரு பயிற்சியில் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் தன் கவலையைச் சொல்ல, மற்றவர் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். என் எதிரே உட்கார்ந்தவர் தன் மகன் பேச மாட்டேனென்கிறான் என்று ஆரம்பித்ததுமே நான் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டதுதான் பிசகு. கணக்கு வாத்தியாருக்குக் கேள்வி காதில் விழுவதற்குள் விடை வாயில் வந்துவிடும். முப்பது வருஷத்துக்குப் பக்கமாக ஊறிய புத்தி ஒரு பயிற்சியில் போகாது.

திரும்பி வந்து, சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பேச வேண்டியவர்கள் வரலாம் என்றேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருவது, மேலே என்ன குரூப் எடுப்பது, சேர்க்கை சரியில்லாதது. ‘கணக்கு சார்கிட்ட எதை வேணும்னாலும் சொல்லலாம்’ என்று பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், 100 சதவீதத்துக்குப் போர்த்திய பொன்னாடையைவிட அது இனித்தது.

2019 பொதுத்தேர்வு எழுத வேண்டிய வகுப்பு அது. அரையாண்டு முடிந்திருந்தது. நன்றாகப் படிக்கும் பெண். அவள் வந்தாள். சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஒருவன் யாரிடமோ அவள் நம்பரை வாங்கியிருக்கிறான். நம்பர் என்றால் அம்மாவின் போன். முதலில் இவளும் பதில் போட்டிருக்கிறாள். இப்போது நிறுத்தச் சொன்னால், அந்தப் பதில்களை அப்பாவிடம் காட்டுவேன் என்கிறான். துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டே சொன்னாள். அழவில்லை. கடைசியில், “அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க சார்” என்றாள். “சரிம்மா, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அன்றைக்கே ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டேன். பேர் சொல்லவில்லை, ஆனால் எந்தப் பெண் என்று தெரியாத அளவுக்கு எங்கள் பள்ளி பெரிய பள்ளி இல்லை. கவலையில் சொன்னதாக அப்போது நினைத்தேன். பெருமைக்குத்தான் சொன்னேன், பிள்ளைகள் என்னிடம் எதையெல்லாம் கொண்டுவருகிறார்கள் பாருங்கள் என்று. ஒருவர், “சார், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உங்க தலையில விடியும். பெத்தவங்ககிட்டச் சொல்லிருங்க” என்றார். திருப்புதல் தேர்வு தொடங்கப்போகிறது. இதைத் தூக்கிச் சுமக்க எனக்கு நேரமில்லை. அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். “புள்ளையக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க. போன் கீன் கையில குடுக்காதீங்க” என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயர்ப் பட்டியல் போய்விட்டது, தேர்வுக்கு வராவிட்டால் கேள்வி வரும். அவள் அப்பா மரியாதையாகத்தான் பேசினார். “பரீட்சை எழுதிருவாளுங்க சார். அதுக்கு மேல வேண்டாமுங்க. நீங்க சொன்னீங்களோ, நாங்க முழிச்சுக்கிட்டோம்.” அவள் உள் அறைக் கதவருகே நின்றிருந்தாள். வெட்டிப் பார்க்கவில்லை, முறைக்கவில்லை. வராந்தாவில் என் எதிரே நின்று பேசிய பெண், அங்கே என்னை முன்பின் பார்த்திராதவள்போல நின்றாள்.

அப்பா பைக்கில் கூட்டிவந்து தேர்வு எழுதவைத்தார். கணக்கில் தொண்ணூறுக்கு மேல். அந்த ஆவணியில் மாமன் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை என் வீட்டுக்கு வந்தது. பதினெட்டு ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் பிறந்த தேதியை எழுதியவனே நான்தானே. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தெரியும். மாவட்டச் சமூக நல அலுவலர்தான் அதற்குத் தடுப்பு அலுவலர் என்றும் தெரியும். சைல்டு லைன் 1098 எங்கள் பள்ளிச் சுவரிலேயே எழுதியிருந்தது. யார் சொன்னது என்று வெளியே தெரியாமல் சொல்லலாம். நான் போன் செய்யவில்லை. செய்தால் அவள் அப்பா, “ஆரம்பிச்சு வெச்சதே சார்தானுங்களே” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவார் என்ற பயம்தான் காரணம். கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் சாப்பிட்டேன். மொய் எழுதினேன்.

அவளோடு படித்த பெண்கள் சிலர் கல்லூரியில் இருந்தபோது, 2022இல், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்க ஆரம்பித்தார்கள். அரசுப் பள்ளியில் படித்ததற்காகவே கிடைத்த பணம். அவள் பிளஸ் ஒன் சேரவே இல்லை.

ரகசியத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது இன்னொரு தப்பான பாடம். எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று எந்த ஆசிரியரும் வாக்குக் கொடுக்க முடியாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஒரு பிள்ளையைப் போனிலும் நேரிலும் விடாமல் துரத்துவதும், நோக்கத்தைப் பொறுத்து, அந்தச் சட்டத்துக்குள் வரும். அவன் மிரட்டினான். அது போக வேண்டிய இடம் தலைமையாசிரியரும் 1098ம். நான் அதை மிரட்டியவன் பக்கம் திருப்பவே இல்லை. மிரட்டப்பட்டவளின் வீட்டுக்குத் திருப்பினேன். அவன் அன்றைக்கும் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனான்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டியது இது: “எல்லாத்தையும் ரகசியமா வெக்க என்னால முடியாதும்மா. ஆனா உனக்குத் தெரியாம யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.” இதைக் கேட்டுவிட்டு அவள் சொல்லாமல் போயிருக்கலாம். போனால் போகட்டும், அது அவள் எடுக்கும் முடிவு. சொல்லியிருந்தால், “வீட்டுல யாருகிட்டச் சொன்னாப் பயமில்ல?” என்று கேட்டிருக்கலாம். இந்த ஊரில் ஒரு அத்தையோ சித்தியோ இல்லாத வீடு கிடையாது. வேப்பமரத்தடித் தமிழாசிரியையையாவது பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம். சாயங்காலம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும் என்று நினைத்தவனுக்கு இவ்வளவும் தோன்றவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண் அதற்கு முந்தின வருஷமே வந்துவிட்டது. அது பிள்ளைகளுக்கான நம்பர் என்று நினைத்தேன். என் போன்றவர்களுக்குத்தான் அது முதலில் தேவை.

பின்னாளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி பள்ளிகளுக்கு வந்தது. பேசத் தயங்கும் பிள்ளை எழுதிப் போடலாம். எங்கள் பள்ளியில் அதைத் தலைமையாசிரியர் அறைக்கு நேர் எதிரே மாட்டினோம், எல்லாரும் பார்க்கிற இடத்தில். ஒருவர் பார்வையிலும் படாமல் ஒரு சீட்டுப் போட முடியாது. இடம் தேர்ந்தெடுத்த குழுவில் நானும் இருந்தேன். அதுவும் என் கணக்கில் சேரட்டும்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு நீதிபதி சந்துரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொன்னார்கள். நியமிக்கட்டும். கேட்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஆள், என்னைப்போலத் தேர்ச்சி சதவீதத்துக்குப் பயப்படாத ஆள், பள்ளிக்கூடத்துக்குள் வேண்டும். ஆனால் நனைந்த தலையோடு ஒரு பையன் காலையில் வந்து உட்காருவது வகுப்பாசிரியர் முன்னால்தான்.

தறி ஓட்டிய பையன் தனித்தேர்வராக எழுதவில்லை. இப்போதும் தறியில்தான் இருக்கிறான். வழியில் பார்த்தால், “நல்லாருக்கீங்களா சார்” என்று வண்டியை நிறுத்திக் கேட்பான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் அப்பவே மறந்துட்டனுங்க சார்” என்றான். அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. அவள் புகுந்த வீட்டில் போய் நின்று பழைய கதையைக் கிளறினால் இரண்டாவது முறையும் அவளை மாட்டிவிட்டவன் ஆவேன். அதனால்தான் இதில் ஊர், பேர், அடையாளம் எதையும் சரியாகச் சொல்லவில்லை.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூனில் கால அட்டவணை போடும்போது நீதிபோதனைப் பீரியடுக்கு நேராக ஒரு ஆசிரியர் பேரை எழுதுங்கள். காலி இடமாக விடாதீர்கள். அரையாண்டுக்கு முன்னால் கணக்கு வாத்தியார் உங்கள் அறைக்கு வந்து, போர்ஷன் முடியவில்லை, அந்த ஒரு பீரியடை மட்டும் கொடுங்கள் என்று நயமாகக் கேட்பார். கொடுக்காதீர்கள்.